கத்தரி அக்கா போட்ட பதினெட்டு

எதைக் கண்டாலும் வெட்டச் சொல்வதால் அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி அக்கா என்று பேர். தொடர்களை முன்கூட்டியே பார்த்து, எந்த வயதுக்காரர்கள் பார்க்கலாம் என்று முத்திரை போடுவது எங்கள் வேலை. ஜன்னல் இல்லாத அறை, காதில் ஹெட்போன். நாள் முழுக்க அடுத்தவர் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பே மரத்துவிட்டது. இருவராகப் பார்ப்போம். ஒத்துப்போகாவிட்டால் கூடுதல் வயது சொன்னவர் பேச்சுதான் நிற்கும். இந்த விதியின் புண்ணியத்தில் அக்கா தோற்றதே கிடையாது.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு நிம்மதி இல்லை. கணவர் போனபின் ஒற்றை ஆளாக வளர்த்த மகள், ஒன்பதாவது படிப்பவள், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று அடம்.

"கேட்டா ஒண்ணுமில்லங்கறா. பெத்தவகிட்ட சொல்லாம வேற யாருகிட்டடி சொல்லுவா?" என்று என்னிடம் புலம்புவாள். புலம்பிவிட்டு டியூஷனுக்கு அனுப்பியும் வைப்பாள். மகள் கணக்கில் மட்டம்.

அப்போதுதான் அந்த நகைச்சுவைத் தொடர் வந்தது. நாற்பதைத் தாண்டிய நான்கு தோழிகள். குடிப்பார்கள், புருஷன்மாரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஒரு பகுதியில், பிறந்தநாள் கும்மாளத்துக்கு நடுவே, பதினாலு வயதில் பாட்டு வாத்தியார் தன்மேல் கை வைத்ததை ஒருத்தி சொல்லிவிடுகிறாள். மற்ற மூவரும் எதுவும் கேட்கவில்லை. நகர்ந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

"பதிமூணு போடலாம்க்கா. இதைப் பாக்க வேண்டியதே அந்த வயசுப் புள்ளைங்கதான்" என்றேன்.

"உனக்குன்னு ஒரு புள்ள இருந்தா இப்படிப் பேசமாட்ட. பதினெட்டு!"

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை இல்லாதவள் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான வழி ஏது? பதினெட்டே நின்றது.

முத்திரையை யார் மதித்தார்கள்? பள்ளிக்கூடமே அந்தத் தொடரைப் பார்த்தது. சிநேகிதி வீட்டில் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு வந்த மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அதைப் போட்டுவிட்டு, தானாகவே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாமா? ஒரே ஒரு எபிசோடு."

"அதெல்லாம் கேக்கற வயசா உனக்கு?" என்று அக்கா டிவியை அணைத்துவிட்டாள். மறுநாள் அதை எங்களிடம் பெருமையாக வேறு சொன்னாள். பேசாதிருந்த பெண் தானாக வாய் திறந்தது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

டியூஷன் மாஸ்டரைப் போலீஸ் பிடித்தது வேறொரு பெண்ணின் தாய் கொடுத்த புகாரில். கூடப் படித்த பெண்களை விசாரிக்க, பெண் காவலர் ஒருவர் அக்கா வீட்டுக்கும் வந்தார். முன்பின் தெரியாத அவரிடம் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். சமையலறை வாசலில் நின்று அக்கா கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அது நடந்திருக்கிறது.

காவலர் போனபின் நடந்ததை அக்காவே என்னிடம் சொன்னாள். மகளைக் கட்டிக்கொண்டு, "என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று கதறினாளாம். மகள் கோபப்படவில்லை. விலகவும் இல்லை.

"கேக்கற வயசே எனக்கு வரலன்னு சொன்னியேம்மா. சொல்ற வயசு எப்ப வரும்னு எனக்குத் தெரியல."