அண்ணி கசக்கிய வேப்பிலைத் தண்ணீர்

அண்ணி கரீபியன் கடல் பக்கத்து மர்த்தினிக் தீவுக்காரி, கறுப்பினப் பெண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த என் அண்ணன் அங்கே அவளைக் கட்டிக்கொண்டு, பென்ஷன் வாங்கியதும் புதுச்சேரிக்கே கூட்டிவந்துவிட்டான். எங்கள் தெருத் தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவாள்.

அண்ணனுக்கு ஈரலில் புற்று. "வீட்லயே வச்சிப் பாத்துக்குங்க" என்று டாக்டர் சொன்னதும் எங்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அண்ணிக்கு மட்டும் விளங்கவில்லை, அல்லது விளங்காத மாதிரி இருந்தாள்.

"எங்க ஊர்ல இதுக்கு இலைக்குளியல் உண்டு. ஒடம்ப புடிச்சிருக்கற கட்டு முடிச்ச அவுத்துவுட்டுடும்" என்றாள்.

தெருமுனை வேப்பமரத்தின் முன்னால் போய் நின்று, அண்ணன் பேரைச் சொல்லி, தன் ஊர்ப் பேச்சில் இலை கேட்டாள். கேட்காமல் பறித்தால் இலை வேலை செய்யாதாம். மஞ்சள் துணி சுற்றி நாங்கள் கும்பிடுகிற மரம்தான் அது. ஆனாலும் ஜன்னலுக்கு ஜன்னல் நின்று வேடிக்கை பார்த்தார்கள், வேலையற்றதுகள். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய துளசியையும் வெட்டிவேரையும் சேர்த்துக் கையாலேயே கசக்கி, பேசின் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தாள். அடுப்பில் ஏற்றக் கூடாதாம்.

மதியம் முற்றத்தில் நாற்காலி போட்டு அண்ணனுக்கு ஊற்றினாள். தண்ணீர் தானாக உடம்பில் காய வேண்டும், துடைத்தால் எல்லாம் போச்சு என்று படித்துப் படித்துச் சொன்னாள். அம்மாவுக்கு எங்கே பொறுத்தது? அண்ணி அந்தப் பக்கம் திரும்பியதும், "புள்ளைக்குத் தலையில நீர் கோத்துக்கும்" என்று துண்டால் அழுத்தித் துவட்டி, சாம்பிராணிப் புகையும் காட்டிவிட்டாள். பெற்றவளால் பிள்ளையின் ஈரத் தலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அண்ணி திரும்பி வந்து அந்த உலர்ந்த தலையைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் திரும்பவும் மரத்திடம் போனாள், திரும்பவும் கசக்கினாள். ஆனால் அண்ணன் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"வுடுடி. குளுருது. நான் போறேன்னு ஒனக்கும் தெரியும்."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவள் முற்றத்துக்கு வந்து, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, சொம்பை என்னிடம் நீட்டினாள். தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாதாம்.

"எனக்கு ஊத்து" என்றாள். "அவுரு வுட்டுட்டாரு. நாந்தான் இன்னும் புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

அய்யோ, இதை நானா செய்ய வேண்டும்! அழுதுகொண்டே ஊற்றினேன். ஒவ்வொரு சொம்புக்கும் "இன்னும்" என்றாள். பேசின் காலியான பிறகும் "இன்னும்" என்றாள்.