மஞ்சளுக்கு ஓடாத கறுப்பு

ஆவணி பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வானம் மூட்டம், காற்று இல்லை. மழை வரும் போலவும் வராது போலவும் ஒரு புழுக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் இரண்டு மைப்புட்டிகள் நின்றன. இரண்டும் கறுப்பு. எது எந்தக் கறுப்பு என்றுதான் தெரியவில்லை.

பிரிண்டருக்கு ஊற்றும் கறுப்பு மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாய மை. காகிதத்தில் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் எழுந்து ஓடும். மற்றது பிக்மென்ட் மை. அதில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத பொடி. படிந்து காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. வகைக்கு ஒன்றாக வாங்கியிருந்தேன், ஆனால் புட்டிக்குள் பார்த்தால் இரண்டும் ஒரே இருட்டு.

இந்த வித்தியாசத்தைப் போன தை மாதம்தான் கற்றுக்கொண்டேன். பேரனின் காதுகுத்துக்கு நானே வீட்டில் பத்திரிகை அடித்தேன். நல்ல காரியக் காகிதத்தை நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவாமல் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. தடவினோம். மேல் மூலைகளில் இருந்த ஊரும் தேதியும் மஞ்சளில் கரைந்து, ஓரமெல்லாம் கறுப்பு வழிந்தது. கறுப்பு ஓரம் வைத்த காகிதம் எந்தக் காரியத்துக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும். நாச்சியாபுரத்தில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்து, "மாப்பிள்ளை, இது காதுகுத்துக் காயிதமா, கருமாதிக் காயிதமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் காதுகுத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

இப்போது எனக்கு எழுபது முடிகிறது. கோயிலில் சின்னதாக ஒரு சாந்தி. முதல் பத்திரிகை என் மனைவியின் பிறந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதுவும் அன்று ஒன்றரைக்கு ராகுகாலம் பிறக்குமுன்.

"இந்தத் தடவையும் கறுப்பு வழிஞ்சுச்சுன்னா நான் வரலை. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு, அவுக கேக்குறதையும் நீங்களே வாங்கிக்கிட்டு வாங்க" என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அச்சகத்தில் நூறுக்குக் குறைந்து அடிப்பதில்லை. எங்களுக்கு வேண்டியது முப்பத்தேழு. மீதி அறுபத்து மூன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

புட்டியிலேயே எழுதியிருக்குமே என்று கேட்கலாம். எழுதித்தான் இருந்தது. வாங்கும் எந்தப் பொருளின் மேலும் விலை, தேதி, கடை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவது என் பழக்கம். அந்தச் சீட்டைக் கம்பெனி லேபிளின் மேலேயே ஒட்டியிருந்தேன். வெந்நீரில் ஊறவைத்து உரித்தால், என் பசையின் உறுதிக்கு லேபிளும் சேர்ந்து நாராக வந்தது.

"வெலையை மட்டும் முத்து முத்தா எழுதியிருக்கீக" என்றாள் மனைவி. "ஒண்ணு முன்னூத்தி நாப்பது, ஒண்ணு முன்னூத்தி அறுவது. கூட உள்ளது நல்லதா இருக்காதா?"

"ரெண்டும் ஒரே நாள் வாங்கினது, கடைதான் வேற. எந்தக் கடையில எதுன்னு மறந்துபோச்சு. இருபது ரூபாய் அவன் வச்ச லாபமா இருக்கும்."

"அப்ப ஒண்ணை ஊத்தித்தான் பாருங்களேன்."

அதுதான் முடியாது. இரண்டும் கலந்தால் கட்டி தட்டி மை வரும் துளை அடைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். டேங்க் காலிதான், ஆனால் குழாயில் பழைய சாய மை கொஞ்சம் நின்றது. அதன்மேல் எதை ஊற்றுவது என்று தெரிந்து ஊற்ற வேண்டும்.

பத்திரிகைக் காகிதத்திலேயே பல் குத்தும் குச்சியால் இரண்டு கோடு இழுத்தேன். இடது பக்கம் முன்னூற்று நாற்பது, வலது பக்கம் முன்னூற்று அறுபது. நன்றாகக் காய முக்கால் மணி நேரமாவது விட வேண்டும் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் இரண்டு கோடும் ஓடிக் கிடக்கின்றன. நாலே நிமிடத்தில் மஞ்சள் தண்ணீரை வைத்துவிட்டாள்.

"ரெண்டும் ஓடுதுங்க. கடைக்காரவுக ரெண்டு பேரும் ஏமாத்திப்புட்டாக."

"காயாம வச்சா எதுவும்தான் ஓடும்!"

"மணியைப் பாத்தீகளா? ராகுகாலம் ஒங்க கோடு காயிறதுக்காக நிக்குமா?"

மறுபடி இரண்டு கோடு. இந்த முறை காகிதத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்தரைக்கு அவளே விரலில் மஞ்சளைத் தொட்டு இரண்டின் மேலும் இழுத்தாள். இடது கோட்டைச் சுற்றி ஊதாவாக ஒரு வளையம் கிளம்பி, கறுப்பு கலைந்து ஓடியது. வலது கோடு அப்படியே படுத்திருந்தது. அவள் இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தாள். அசையவில்லை.

"இதுதான்" என்றாள். கண்டுபிடித்தது தான் என்பது போல.

அதை மறுக்க எனக்கு நேரமில்லை.

குழாயைக் கழுவும் கட்டளையை மூன்று முறை கொடுத்துவிட்டுப் புது மையை ஊற்றினேன். குழாயில் நின்ற பழசு முழுவதும் போக, முழுக் கறுப்பாக ஒவ்வொரு தாளாக அடித்துத் தள்ளினேன். இடையிடையே ஒரு தாளைக் காயவைத்து ஈரம் தொட்டுப் பார்த்ததில், ஊதா வளையம் சிறுத்துச் சிறுத்து ஒரு தாளில் இல்லாமலே போனது. அதற்குப் பிறகுதான் பத்திரிகை. காய்ந்ததும் மஞ்சள் தடவினோம். ஊரும் தேதியும் இருந்த இடத்தில் இருந்தன. அவள் பட்டுப்புடவை எடுக்க உள்ளே போன வேகத்தைப் பார்த்து ஆட்டோவுக்குச் சொன்னேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு நாச்சியாபுரம். மச்சான் பத்திரிகையை வாங்கினார். எங்களுக்குக் குடிக்க வைத்த செம்புத் தண்ணீரில் விரலை நனைத்தார். தேதியின் மேல் தேய்த்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தேய்த்தார்.

"அண்ணே, காயிதம் பிஞ்சிறப் போகுது" என்றாள் என் மனைவி.

"ஓட மாட்டேங்குதே ஆத்தா" என்றார், ஏதோ கைக்கு வந்தது நழுவிப்போனது போல. பிறகு என்னைப் பார்த்து, "கேலி பண்ணக்கூட எடம் வைக்காம அடிச்சிருக்கீக, மாப்பிள்ளை. இதுக்கு வராம இருந்தா எங்க மேலதான் குத்தம்."

"அப்ப வாரீகளா?"

"ஏழு பேரு. மொத நாளே வந்துருவோம்."

அங்கேயே சாப்பிட்டோம்; என் மனைவி எனக்கு இரண்டு முறை பாயசம் கேட்டு ஊற்றினாள். வீடு திரும்பும்போது தூறல் போட்டது. ஆட்டோவில் உட்கார்ந்தே கணக்குப் பார்த்தேன். மை இரண்டு புட்டி எழுநூறு, பாழாய்ப் போன தாள் இருபத்தாறுக்கு இருபத்தாறு, ஆட்டோ போக வர அறுநூறு. ஆக, மச்சான் வீட்டு ஏழு பேரை வரவழைக்க ஆயிரத்து முன்னூற்று இருபத்தாறு ரூபாய்.