அம்மாவின் பிளந்த நகம்

இன்று கம்பெனி கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். டர்பன்டைன் நாற்றம் மூக்கில் ஏறியதும், நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், இப்போது குடோன் நிற்கிற இடத்தில் முன்பு இருந்த ஓவியரின் தகர ஷெட் நினைவுக்கு வந்தது. பனியன் கம்பெனி முதலாளிகளின் குடும்பங்களை வரைந்தே பேர் வாங்கியவர் அவர். முகத்தைப் போட்டோ பார்த்து வரைவார். மணிக்கணக்கில் உட்கார முதலாளியம்மாக்களுக்குப் பொறுமை கிடையாது என்பதால், அவர்களுடைய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் என் அம்மா உட்காருவாள், நான் அந்த நாற்றத்தில் தரையில் கிடப்பேன்.

"கைய ஆட்டாத அம்மிணி" என்பார்.

அம்மா இதே கம்பெனியில் டெய்லர். மெஷின் ஊசி ஏறிப் பிளந்த அவள் நகத்தையும் ஒருமுறை அப்படியே வரைந்துவிட்டார். படம் பார்க்க வந்த எங்கள் முதலாளியம்மா கத்தினாள்: "ஏனுங்க, என்ற நகம் எதுக்குப் பொளந்து கெடக்குது? நானென்ன டெய்லருங்களா?"

அவள் போனதும் அம்மா, "அது மட்டும் இருந்துட்டுப் போகட்டுங்க சார்" என்று கேட்டாள். அவர் ஒரே இழுப்பில் அந்தப் பிளவை அழித்தார்.

அம்மா செத்தபோது மாலை போட எங்களிடம் ஒரு போட்டோ இல்லை. முதலாளியம்மாவும் செத்துவிட்டாள். கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் படத்துக்கு மாலை போட்டு எங்களைக் கும்பிடச் சொல்கிறார்கள். நான் அந்த வழவழப்பான நகத்தைப் பார்த்துத்தான் கும்பிடுகிறேன்.