மிட்டாயின் ஒருசந்தி

திருநின்றவூரில் எங்கள் எதிர் வீட்டு ஜெயசீலி அக்காவுக்கு வாய் நீளம், கண் அதைவிடக் கூர்மை. அம்பத்தூர் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. ஒரு நூல் பிசிறுகூட அவளிடம் தப்பாது. அப்படிப்பட்டவள் தன் வீட்டு முயலைக் கோட்டை விட்டாள்.

முயலின் பெயர் மிட்டாய். மகள் ஸ்வீட்லின் பள்ளிக்கூட நாளில் வளர்க்கத் தொடங்கியது. அவள் கல்யாணமாகி ஓசூர் போனபின் அக்காவுக்கு அதுதான் பேச்சுத்துணை. கொஞ்ச நாளாக அது கட்டிலில் தாவுவதில்லை. புல்லை ஒதுக்கிவிட்டு வாழைப்பழம் மட்டும் தின்றது. தாடை எப்போதும் ஈரம். "வயசாச்சில்ல, சோம்பேறி ஆயிட்டான்" என்பாள் அக்கா.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் அது பழத்தையும் தொடவில்லை. அக்காவும் அன்று ஒருசந்தி விரதம். வாசலில் நின்று தெருவுக்கே அறிவித்தாள்: "எங்க மிட்டாய் கூட ஒருசந்தி இருந்துகினு கீறான்!" தெருவே சிரித்தது.

மத்தியானம் சிலுவைப்பாதைக்குக் கிளம்பும்போது ஸ்வீட்லின் வீடியோவில் அழைத்தாள். அம்மா மிட்டாயின் ஒருசந்தியைப் பெருமையாகச் சொன்னதும் மகள் முகம் மாறிவிட்டது.

"அம்மா, புழுக்கை போட்டானா?"

"இல்லடி. தட்டு சுத்தமா கீது. பெருக்குற வேல மிச்சம்."

"ஐயோ! காதைத் தொட்டுப் பாரும்மா!"

காது சில்லென்றிருந்தது. மிட்டாய் முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. அக்கா சேலைத் தலைப்பில் அதைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். ஆவடி கால்நடை டாக்டரிடம் போய்ச் சேரும்வரை, "ஆண்டவரே, நான் இருக்குறேன் ஒருசந்தி, இவன உட்டுடு" என்று புலம்பியதை ஆட்டோவில் கூடப் போன நான் கேட்டேன்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது.

"பசி இருந்திருக்கும்மா. மெல்ல முடியல. முயல் ஒரு வேளை பட்டினி கிடந்தாலே குடல் நின்னு போகும். புழுக்கை போட்டாத்தான் பிழைச்சுதுன்னு சொல்ல முடியும்."

வளர்ந்த பல்லை அராவி, ஊசி போட்டு அனுப்பினார். அக்கா டாக்டர் கொடுத்த புல்மாவைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. தான் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. அவள் விழுந்துவிட்டால் யார் பார்ப்பது?

விடிந்ததும் அவள் கூச்சல் கேட்டு, என்னவோ ஏதோவென்று ஓடினேன். அக்கா உள்ளங்கையை நீட்டினாள். மிளகு போல ஒரு புழுக்கை.

"போட்டுட்டான்!" என்று அழுதாள். பிறகு முயலைப் பார்த்துத் திரும்பினாள். "இனிமே நீ ஒருசந்தி இருந்து பாரு, தோல உரிச்சிடுவேன்."

அதற்கப்புறம்தான் கஞ்சி கேட்டாள்.