வெர்னாவும் சிவப்புப் புள்ளியும்

வெர்னா ஸ்டாக்டில் முப்பத்தாறு வருஷம் குதிரைகளுக்கு லாடம் அடித்தவள். தெற்கு மிசூரியில், எங்கள் வட்டாரத்தில், அவள் கை படாத குளம்பு குறைவு. தனியாக லாரியை ஓட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவாள். அறுபத்தொரு வயதில் ஒரு மார்ச் மாதம், பெட்ரோல் பங்க் ஒன்றில் இரண்டு பேர் அவளைக் கீழே தள்ளிவிட்டு லாரியைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் லாரி கிடைத்தது. ஆனால் அதன்பிறகு எங்கே வண்டியை நிறுத்தினாலும் வெர்னா கதவைத் திறக்கத் தயங்கினாள். தொலைவிலிருந்த நான்கு பண்ணைகளை விட்டும் விட்டாள்.

ஏப்ரலில் நான் வேலை பார்க்கும் துப்பாக்கிச் சுடுதளத்துக்கு வந்தாள். கையில் உள்ளங்கையளவு ரிவால்வர். ஊதா நிறப் பிடி.

"கடைக்காரன், 'லேடீஸுக்குன்னே செஞ்சது மேடம், கைப்பைக்குள்ள போயிடும்'னான், கோரா. வாங்கிட்டேன்."

ஐந்து தோட்டா சுட்டாள். இலக்குத் தாளில் ஒன்றுகூடப் படவில்லை. கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுத்தியல் பிடித்துத் தேய்ந்த மூட்டு அது.

"கோவேறு கழுதை உதைச்சாக்கூட இப்படி வலிச்சதில்லடி."

"சின்னதுன்னா ஒளிச்சு வைக்கத்தான் சுலபம். சுடும்போது மொத்த உதையும் உன் கைக்குத்தான் வரும். இன்னொன்னு வாங்குறதுக்கு முன்னாடி இங்க இருக்கறதையெல்லாம் சுட்டுப் பாரு," என்றேன்.

அடுத்த நான்கு சனிக்கிழமைகளும் வாடகைத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றில் மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுக்க முடியவில்லை. இன்னொன்றில் சுண்டுவிரலுக்குப் பிடி இல்லை. மூன்றாவது கைக்கு அருமையாக இருந்தது. சட்டைக்குள் வைத்தால் இடுப்பில் செங்கல் கட்டியதுபோல் புடைத்தது. கடைசியில் நடுத்தர அளவில் ஒரு ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் பொருந்தியது. வலிக்கும் விரலாலும் ஸ்லைடு வந்தது. உறையோடு செருகிக்கொண்டு, குதிரையின் காலைத் தூக்குவதுபோல் குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். வெளியே தெரியவில்லை. "இதுதான்" என்றாள்.

ஆனால் கண் ஒத்துழைக்கவில்லை. துப்பாக்கி முனையிலிருக்கும் குறியைப் பார்த்தால் இலக்கு மங்கியது, இலக்கைப் பார்த்தால் குறி கரைந்தது. அதனால் ஸ்லைடின் மேல் ஒரு ரெட் டாட் பொருத்திக் கொடுத்தேன். சின்னக் கண்ணாடி, நடுவே சிவப்பாக ஒரு புள்ளி. இலக்கை மட்டும் பார்த்தால் போதும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும்.

அவள் தம்பி ராய்ஸ் அதைப் பார்த்துச் சிரித்தான். ராய்ஸ்தான் ஐந்து வருஷமாக எங்கள் சுடுதளத்தின் அக்டோபர் போட்டியில் முதல் ஆள்.

"என்னக்கா, வீடியோ கேமா? பேட்டரி தீந்துட்டா திருடன்கிட்ட கடன் கேப்பியா?"

"உன் வாய்க்கு பேட்டரி தீராதாடா?"

முதலில் அவளுக்குப் புள்ளியே அகப்படவில்லை. தென்பட்டபோது, "நசுங்கின தக்காளி மாதிரி இருக்கு கோரா" என்றாள். கண் மருத்துவர் தூரப்பார்வைக்குத் தனிக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். நான் புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்தேன். தக்காளி புள்ளியானது. தினமும் காலையில் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, வெறும் துப்பாக்கியைச் சட்டைக்கு அடியிலிருந்து இருபத்தைந்து முறை உருவிச் சுவரிலிருந்த காலண்டரைக் குறிபார்ப்பாள். ஜூலையில் ஒருநாள் போன் செய்தாள். "நான் அதைத் தேடலடி. கையை நீட்டினா அதுவே வந்து நிக்குது!"

அக்டோபர் போட்டியில் பெயர் கொடுத்தாள். இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். விசில் ஊதியதும் மேல்சட்டையை விலக்கி, உருவி, பத்து கஜத்திலிருக்கும் தன் ஆறு இரும்புத் தட்டுகளை எதிராளிக்கு முன்னால் சாய்க்க வேண்டும். மூன்றில் இரண்டு சுற்று ஜெயித்தால் அடுத்த கட்டம். ஒரு போலீஸ்காரரையும் இரண்டு வேட்டைக்காரர்களையும் தாண்டி வெர்னா இறுதிக்கு வந்தாள். எதிரே ராய்ஸ்.

முதல் சுற்றில் அவள் சட்டை நுனி பிடியில் சிக்கிக்கொண்டது. அவள் உருவுவதற்குள் ராய்ஸ் நான்கைச் சாய்த்திருந்தான்.

"வீட்டுக்குப் போலாமாக்கா?"

வெர்னா சட்டை நுனியை இடது கையால் நன்றாக மேலே இழுத்துப் பழகிப் பார்த்தாள். இரண்டாம் சுற்றில் அவசரமே இல்லாமல் ஆறு தட்டுக்கு ஆறு தோட்டா. ராய்ஸுக்கு இரண்டு தவறின.

மூன்றாம் சுற்று. விசில். இருவரும் ஒரே வேகத்தில் ஆளுக்கு ஐந்தைச் சாய்த்தார்கள். ஆறாவது தட்டின் அருகில் ராய்ஸின் குண்டு மண்ணைக் கிளப்பியது. அவள் தட்டு டணாரென்று விழுந்தது.

நான் மேசை மேல் ஏறிக் கத்தினேன். ராய்ஸ் துப்பாக்கியைக் காலிசெய்து உறையில் போட்டுவிட்டு, அக்காவை இடுப்போடு தூக்கி ஒரு சுற்று சுற்றினான்.

"அந்தப் பொட்டுக் கண்ணாடி எங்க கிடைக்கும்க்கா?"

"முதல்ல என்னைக் கீழ இறக்குடா!"

திங்கட்கிழமை விட்டுப்போன அந்த நான்கு பண்ணைக்காரர்களுக்கும் மறுபடி வருவதாக அவளே போன் போட்டாள். பரிசாகக் கிடைத்த புகைபோட்ட பன்றித்தொடை ஒன்பது கிலோ. அடுத்த ஞாயிறு மதியம் எங்கள் எல்லோருக்கும் அறுத்துப் பரிமாறினாள். ராய்ஸின் தட்டில் மட்டும் வெறும் எலும்பை வைத்துவிட்டு, அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.