அக்னி மூலையில் ஒரு பண்ணைக்குட்டை

மழையாக இறங்கி, மண்ணுக்குள் மறைந்திருந்து உயிர்களைக் காக்கும் எம்பெருமான் திருவடிகளே துணை.

இன்று காலை படாளத்தில், ஒரு பொக்லைன் எந்திரத்துக்கும் சாத்திரத்துக்கும் நடுவே நிற்க நேர்ந்தது.

அங்கே பிடித்த குழப்பம் இந்த நேரம் வரை தீரவில்லை. அன்பர்களிடம் சொன்னாலாவது தெளியுமா என்று எழுதுகிறேன்.

பூசை முடிந்து எழுந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சுரேஷ். மழைநீரைத் தேக்க உழவர் நிலங்களில் குட்டை வெட்டித் தரும் தொண்டு நிறுவனத்துப் பிள்ளை.

"ஐயா, கொஞ்சம் வண்டியில ஏறுங்க. ஏகாம்பரம் தன் வயல்ல குட்டை வேணாம்னு நிக்கிறாரு. கேட்டா நீங்கதான் சொன்னீங்களாம்."

"நான் என்னப்பா சொன்னேன்?"

"போன சனிக்கிழமை, கோயில்ல."

சனிக்கிழமைதோறும் பெருமாள் கோயில் மண்டபத்தில் அடியேன் பேசுவது வழக்கம். சென்ற வாரம் எட்டுத் திசைகளைப் பற்றிப் பேசினேன். வடகிழக்காகிய ஈசானிய மூலையே நீருக்கு உரியது. தென்கிழக்கு அக்னியின் இடம். அங்கே நீர் நின்றால் அவ்வீட்டுப் பெண்களுக்கு ஆகாது என்றும் சொல்லியிருந்தேன்.

(வழக்கமாக அந்தக் கட்டத்தில் பாதிப் பேர் உறங்கிவிடுவார்கள். ஏகாம்பரம் உறங்கவில்லை.)

வயலுக்குப் போனோம். இரவு பெய்த மழைநீர் முழுவதும் தென்கிழக்கு மூலையில் திரண்டு, வரப்பை உடைத்துக்கொண்டு ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. உடன் கொஞ்சம் மண்ணும் போயிற்று.

"ஓடுற தண்ணிய இங்க நிறுத்தினா மண்ணுல இறங்கும். கிணத்துக்கு ஊத்து வரும். கரையில வெட்டிவேர் நட்டா மண்ணும் போவாது" என்றார் சுரேஷ்.

"அக்னி மூலையில வேணாம் நைனா. அதோ ஈசானியத்துல வெட்டிக் குடு."

"அது மேடு. தண்ணி இன்னா ஏணி வெச்சு ஏறுமா?"

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சாமி. பங்குனி பொறந்தா கெணறு காஞ்சி பூடுது. போன வருசம் கதிரு பால் புடிக்க சொல்ல தண்ணி இல்லாம மொத்தமும் சாவி, உள்ள அரிசியே இல்ல. இந்த வருசமும் பூட்டா, நெலத்த குத்தகைக்கு உட்டுட்டு கம்பெனி வாசல்ல வாச்மேனா நிக்க வேண்டியதுதான். ஆனா மருமவ மாசமா கீது. அவளுக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

எந்திர ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணாத்த, சட்டுனு முடிவு பண்ணு. மத்தியானம் அடுத்த ஊருக்குப் போவணும். அப்பால தை மாசம்தான்."

சாத்திரத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு குடும்பத்தின் சோற்றைத் தட்டிவிடவும் மனம் துணியவில்லை.

"சாத்திரம் வீட்டுக்குத்தான், ஏகாம்பரம். வயலுக்கு இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன்.

"வூடு எங்க கீது சாமி? வயலாண்டதான கீது."

அப்போதுதான் அவர் வீட்டைப் பார்த்தேன். வயலுக்குத் தெற்கே, வண்டிப்பாதையைத் தாண்டி இருந்தது. நடந்து போய் அதன் வாசற்படியில் நின்றேன். மருமகள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அங்கிருந்து அந்தத் தாழ்ந்த மூலையை நோக்கினேன்.

வடகிழக்கு.

வயலுக்கு அக்னி மூலையாக இருப்பது வீட்டுக்கு ஈசானிய மூலை!

ஏகாம்பரத்தையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். அவர் சூரியனைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், பிறகு ஓட்டுநரைப் பார்த்துக் கை வீசினார். "வெட்டுய்யா."

முதல் மண்ணை எந்திரம் அள்ளியபோது மருமகள் வாசலில் நின்று கும்பிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

திரும்பும் வழியில் சுரேஷ் வண்டியை மெதுவாக ஓட்டினார். "ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? அவரு வூடு வயலுக்கு வடக்கால இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

எதிர்க்காற்றில் காதில் விழாதது போல் இருந்துவிட்டேன்.

அங்கே நான் கண்டது தெய்வம் காட்டிய வழியா, என் வசதிக்கு நானே வளைத்துக்கொண்ட வழியா? நண்பகல் முதல் இதே யோசனை. பாராயணத்தில் இரண்டு இடங்களில் தடுமாறினேன்.

மாலையில் எல்லப்பன் வந்தார். ஏகாம்பரத்தின் பக்கத்து நிலத்துக்காரர். அவர் கிணறும் பங்குனியில் காய்வதுதான்.

"இன்னா சாமி, ஏகாம்பரத்துக்கு மட்டும் மூலைய மாத்திக் குடுத்தியாமே? தையில எந்திரம் திரும்ப வருதாம். நாளைக்கு நம்ம வூட்டாண்டயும் வந்து நின்னு பாரு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எல்லப்பன் வீடு எனக்குத் தெரியும். நிலத்தின் வடமேற்கில் இருக்கிறது. அவருடைய தாழ்ந்த மூலையும் தென்கிழக்குதான். வயலில் நின்று பார்த்தாலும் அக்னி, வாசலில் நின்று பார்த்தாலும் அக்னி. அவருக்கும் வயதுக்கு வந்த இரண்டு பெண்கள்.

அவருடைய மழைநீரும் அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாத்திரம் அறிந்த பெரியோர்களே, மண் அறிந்த அன்பர்களே, நாளைக் காலை அந்த வாசற்படியில் நின்று அடியேன் என்ன சொல்லட்டும்?

பதில் எழுதுவோர்க்கும், படித்துவிட்டு நகர்வோர்க்கும், உங்கள் வாசல் எத்திசை நோக்கி இருப்பினும், கிணற்றில் ஊற்று வற்றாதிருக்கட்டும். இல்லத்துப் பெண்கள் நலமோடு இருக்கட்டும். மக்களும் சுற்றமும் சூழ நீடு வாழ்க.