பேக்கரி மாடியில் ஒரு போர்வைக் கூண்டு

போன வாரம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்க்கும் கம்பெனி ஆண்டுதோறும் கொஞ்சம் நல்ல காரியம் செய்யும். அதன் அறிக்கையில், சிரிக்கிற முகங்களின் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுவது என் உத்தியோகம். அந்தப் பல்கலைக்கழகத்தில் மக்களுக்கான ஆய்வுக்கென்றே எங்கள் கம்பெனி உதவியோடு புதிதாக ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். முழுக்கக் கண்ணாடி. வாசலிலேயே ஒரு மாணவி காது சோதிக்க மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பீப் சத்தம் கேட்டா ஸ்க்ரீன டச் பண்ணுங்க மேம். மூணே நிமிஷம், ரிசல்ட் உங்க போனுக்கே வந்துடும்."

ஹெட்போனின் பஞ்சை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. பீப் வந்துகொண்டுதான் இருந்தது, தொடத்தான் மறந்துவிட்டேன். உடனே காது மருத்துவரைப் பார்க்கும்படி போன் சொன்னது. மாணவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். என் காதில் ஒரு கோளாறும் இல்லையம்மா, அந்த மூன்று நிமிஷமும் நான் லிங்கராஜபுரத்தில் இருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்த புதிது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். உதவியாளர் என்றால் பெட்டி தூக்குவது, பிளக் பாயின்ட் தேடுவது, தமிழில் பேசுவது. மூன்றாவதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். லிங்கராஜபுரத்தில் அப்போது சில தெருக்களில் வீடுகளுக்கு நடுவிலேயே லேத்துப் பட்டறையும் இரும்பு தேய்க்கிற கிரைண்டிங் பட்டறையும் இருக்கும். காலையில் ஆரம்பிக்கும் கிறீச்சல் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயாது. அந்தச் சத்தம் மனுஷர் காதை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. என்னோடு வந்த ஆய்வு மாணவி நாகவேணிக்கு அது பிஎச்.டி. அவள் தும்கூர்க்காரி. அவளுடைய தமிழில் எல்லோரும் 'வாங்கோ, உக்காருங்கோ'தான், தெருநாய் உட்பட.

முதல் கூட்டம் மாதா கோவிலை ஒட்டிய ஹாலில் நடந்தது. எங்கள் பேராசிரியை பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக விளக்கி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது.

"போன தடவ ஒரு காலேஜ்லேர்ந்து வந்து தண்ணி எடுத்துட்டுப் போனாங்க. அதுக்கு முன்ன ஒருத்தர் ரத்தம் எடுத்துட்டுப் போனார். ஒருத்தரும் திரும்பி வர்ல. இப்போ நீங்க காத எடுத்துட்டுப் போவ வந்துகிறீங்க. எங்களுக்கு இன்னா சொல்வீங்க?"

ஹாலே சிரித்தது. கம்பியை மீட்டியது போல அப்படி ஒரு உச்சமான குரல். அவர்தான் பிலோமினா அக்கா. வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். பேராசிரியை மழுப்பவில்லை. "இதுவரைக்கும் திரும்ப வந்து சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்லம்மா. உங்களுக்கு எப்படிச் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அக்கா இரண்டு நிபந்தனை போட்டார். புத்தகத்தில் அச்சேறுவதற்கு முன்னால் முடிவு தெருவுக்கு வர வேண்டும். ஒவ்வொருவர் காது விவரமும் அவரவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். "பொண்ணு குடுக்கற வீடுங்கம்மா இது. ஒருத்திக்குக் காது மந்தம்னா ஊரு பூரா பரவிடும். புருஷனோடத பொண்டாட்டிக்குக்கூட சொல்லக் கூடாது, ஆமா!" எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பி வந்து இதைத் துறையில் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை. "இது ஆராய்ச்சியா, சமூக சேவையா?" என்று ஒரு மூத்தவர் கேட்டார். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விளக்குவதென்றால் வேலை இழுக்கும், கட்டுரை தள்ளிப்போகும். இதில் யாருக்காவது நஷ்டமென்றால் அது நாகவேணிக்குத்தான். பேராசிரியை வாயைத் திறப்பதற்குள், "தெருவுக்குச் சொல்லிட்டே செய்யலாம் மேடம்" என்று அவள் சொல்லிவிட்டாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

காதைச் சோதிக்க நிசப்தமான இடம் வேண்டும். எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்ததோ ஒரு பேக்கரியின் மாடி. கீழே மாவு பிசைகிற மிஷின் ஓடினால் மேலே நாற்காலி நடுங்கும். அது ஓயும் மதிய நேரத்தில்தான் சோதனை. அப்போதும் பட்டறைச் சத்தம் ஜன்னல் வழியாக வரும். பிலோமினா அக்கா வந்து பார்த்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார், போய்விட்டார். மறுநாள் தெருவெல்லாம் பழைய போர்வையும் பஞ்சு வைத்த ரஜாயும் கேட்டு வாங்கி, மரச்சட்டத்தில் அடுக்கடுக்காக வைத்துத் தைத்து, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குக் கூண்டு ஒன்று செய்யத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கூண்டின் வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்ல! அந்துருண்டை, தேங்காயெண்ணெய், விக்ஸ், நாங்கள் ஹெட்போனைத் துடைத்த ஸ்பிரிட், எந்தக் குழந்தையோ கக்கிய பால், இத்தனைக்கும் மேலே கீழிருந்து வரும் காரா பன்னின் பச்சைமிளகாய் வாசம். ஒரு தெருவே ஒரு ஆள் உயரத்துக்குச் சுருங்கி நின்ற மாதிரி இருக்கும். உள்ளே போனவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். ஒரு ஆட்டோக்காரர் ஹெட்போனோடு குறட்டை விட்டார். நாகவேணி மிகுந்த மரியாதையோடு, "அண்ணா, எழுந்துக்கோங்கோ, உங்கோ காது இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.

அக்காவின் வீடு எதிர்ச்சாரியில். சாயங்காலம் ஜன்னலிலிருந்தே, "ஏய் காலேஜூ! டீ ஆறுது!" என்று ஒரு கூப்பாடு போடுவார். பட்டறைச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு அது எங்களுக்கு வந்து சேரும். டீயோடு தினமும் ஒரே புகார்தான். புருஷன் ஆரோக்கியசாமி.

"டீக்கடையில பத்து பேரோட சிரிச்சுப் பேசறான்மா. ஊட்டுக்கு வந்தா ஊமை. நான் ஒண்ணு கேட்டா சுவத்தப் பார்ப்பான். கோவில்ல பாடிக்கினு இருந்தான், அதையும் வுட்டுட்டான். யாரோ ஏதோ சொன்னாங்களாம், கோவமாம். கோவத்துக்கே பொறந்தவன்."

ஆரோக்கியசாமி அண்ணனைக் கண்டால் எனக்கும் பயம். கிரைண்டிங் பட்டறையில் வேலை. கலியாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். தெருவில் பின்னாலிருந்து வணக்கம் சொன்னால் பார்க்காமலே போவார், எதிரில் நின்று பேசினால் முறைப்பார். சோதனைக்கு எல்லோரும் வந்து போன பிறகு, கடைசியில், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கூண்டுக்குள் உட்கார்ந்தார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தடித்த, தாழ்ந்த ஒலிகளுக்கெல்லாம் சட்சட்டென்று கை உயர்ந்தது. மேலே போகப் போக, மெல்லிய உச்ச ஒலிகளில், கை உயரவேயில்லை. நாகவேணி என்னைப் பார்த்தாள். ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். அவர் முழங்காலில் கை வைத்தபடி, பரீட்சை எழுதுகிறவர் போலக் கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

நாகவேணி அவர் எதிரில் உட்கார்ந்து, நிதானமாக விளக்கினாள். கிரைண்டரின் கிறீச்சல் முதலில் உச்ச ஒலிகளைத்தான் தின்னும். ஆண்கள் பேச்சு ஓரளவு கேட்கும். பெண்கள் குரல், குழந்தைகள் குரல், ஆர்மோனியத்தின் மேல்கட்டைகள் போய்விடும். அவர் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் முறைக்கிறார் என்று நாங்கள் நினைத்தது அந்தப் பார்வையைத்தான்.

"தெரியும்மா" என்றார். "பாட்டுல மத்தவங்க எங்க ஏர்றாங்க, எங்க எறங்கறாங்கன்னு தெரியாம போச்சு. அதான் வுட்டுட்டேன்."

"அக்காட்ட சொல்லியிருக்கலாமே?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"கோவக்காரன்னா வீட்ல ஒரு மரியாத இருக்கும். செவிடன்னா இன்னா இருக்கும்?" எழுந்துகொண்டார். "அவகிட்ட சொல்லாதீங்க. அவளே போட்ட கண்டிஷன்."

அன்று சாயங்காலமே அக்கா கேட்டார். அவரோடது என்ன ஆச்சு? சொல்ல முடியாதுக்கா என்றேன். "நான் போட்ட கண்டிஷன எங்கிட்டயே காட்றியா நீ?" என்று டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், அதில் பாதி டீ இருந்தது. அதன்பிறகு ஜன்னல் திறக்கவில்லை. எங்களுக்கு டீ கிடையாது. கீழே பேக்கரியில் காசு கொடுத்துக் குடித்தோம், சப்பென்றிருந்தது.

நாகவேணி மட்டும் அண்ணனைப் பட்டறை வாசலில் இரண்டொரு தடவை பார்த்துப் பேசினாள். வற்புறுத்தவில்லை. "நீங்கோ வாயால சொல்ல வேண்டாம். அக்காவக் கூட்டிட்டு மட்டும் வாங்கோ. வரணும்னு தோணினா" என்று சொல்லியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறைகளுக்கு விடுமுறை, தெரு ஓய்ந்து கிடந்தது. பூசை முடிந்து இருவரும் படியேறி வந்தார்கள். அண்ணன் முன்னால், அக்கா உம்மென்று பின்னால். நாகவேணி மைக்கை நீட்டி, "அக்கா, வீட்ல அண்ணன எப்படிக் கூப்பிடுவீங்கோ, அதே மாதிரி கூப்பிடுங்கோ" என்றாள். அக்காவுக்குக் கரும்பு தின்னக் கூலியா? "ஏங்க! சோறு ஆறுது, எவ்ளோ நேரம் கூப்புட்றது, காதுல இன்னா பஞ்சா வெச்சுகிறீங்க?" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

நாகவேணி அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, அண்ணனின் காதுக்கு எட்டாத ஒலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிறகு அக்காவைக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டினாள்.

அக்கா கேட்டார். முகம் சுளித்தார். "இன்னா இது, தண்ணிக்குள்ள யாரோ பேசறாப்ல கீது? மறுக்கா போடு." மறுபடியும் போட்டாள். "யாருடி இது?"

"நீங்கோதான் அக்கா. அண்ணனுக்கு நீங்கோ பேசறது இப்படித்தான் கேக்குது."

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. மூன்றாவது முறையும் கேட்டார். அவரே தைத்த போர்வைகளுக்கு நடுவில் சின்னப் பெண் மாதிரித் தெரிந்தார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார், கழுத்து வேர்த்திருந்தது. அக்கா எழுந்து போய் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "இத்தன வருஷமும் கோவக்காரன் வேஷமா கட்டிக்கினு இருந்த?" அவர் திரும்பியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அவர் கண்ணுக்கு நேரே நின்று, நான் அதுவரை கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "வூட்டுக்குப் போலாமா?"

"போலாம்" என்றார் அண்ணன்.

நாங்கள் இருவரும் கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டோம். போர்வையில் மூக்கைத் துடைத்தது நாகவேணிதான், நானில்லை.

ஒரு மருத்துவக் கல்லூரியில் பேசி அண்ணனுக்குக் காது மிஷின் வாங்கித் தந்தோம். குக்கர் விசில் இவ்வளவு கொடூரமானது என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றார். கோவில் பாடகர் குழுவுக்கும் ஒருநாள் போனார். தகர டப்பாவைத் தட்டுவது போல எல்லாக் குரலும் கேட்டதாம். பாதியில் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றவர், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பாட்டு மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. முடிவுகளைத் தெருவில் சொன்ன பிறகு, பட்டறைக்காரர்களே கூடிப் பேசி மிஷின்களுக்கு மூடி போட்டார்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குக் காது மூடி வந்தது. முதலில் மாட்டிக்கொள்ள வெட்கப்பட்டவர்களை அண்ணன்தான் அதட்டினார். கோபக்காரன் என்ற பெயர் கடைசியில் உதவிற்று.

கூண்டைப் பிரித்தபோது எந்தப் போர்வை யாருடையது என்று பெரிய சண்டை. நல்ல ரஜாய் ஒன்றுக்கு நான்கு வீடுகள் உரிமை கொண்டாடின.

அதற்குள் எங்களுடையதைப் போன்ற கட்டுரையை வேறு யாரோ எழுதி வெளியிட்டுவிட்டார்கள். நாகவேணியின் பட்டம் தள்ளிப்போனது. அவள் எதிர்பார்த்திருந்த வேலையும் கை நழுவியது. பெட்டி கட்டுகிற அன்று, "லேட்தான் ஆயிடுச்சு. ஆனா அந்த ஞாயித்துக்கிழமைய நான் யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்பா" என்றாள். தும்கூருக்கே போய் ஆசிரியையானாள். வாரம் ஒரு போன் மாதம் ஒன்றானது, பிறகு யுகாதி வாழ்த்தானது, பிறகு அதுவும் இல்லை. சண்டையில்லை, சச்சரவில்லை. நட்புகள் இப்படித்தான் போகும் போலிருக்கிறது, பஸ் கிளம்புவது தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கும்போது.

இப்போது அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில், எந்த ஆய்வானாலும் மக்களிடம் திரும்பப் போய்ச் சொல்லியே ஆக வேண்டுமாம். மாணவி பெருமையோடு சொன்னாள். அன்று நாகவேணி நகம் கடித்துக்கொண்டு செய்ததை இன்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நல்லதுதான், மனசாரச் சொல்கிறேன். மூன்று நிமிஷத்தில் எத்தனையோ பேருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் போனில் முடிவைப் பார்ப்பவர் கூட யார் உட்கார்வார்கள்? இதைக் கேட்டால் வயதாகிவிட்டது என்பீர்கள். ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் லிங்கராஜபுரத்தில் இறங்கி அந்தத் தெருவுக்குள் நடந்தேன். பட்டறைகள் ஒன்றுமில்லை. பேக்கரி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். சின்ன வீடுகள் போய் உயரமான அடுக்குமாடிகள். தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது.

ஆரோக்கியசாமி அண்ணன் காலமாகிச் சில வருஷமாயிற்று. அக்கா மகளோடு ஓசூரில் இருக்கிறார். அங்கேயே நின்று போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். "அம்மாகிட்ட தர்றேன் ஆன்ட்டி. கொஞ்சம் உத்துக் கேளுங்க, மெதுவாத்தான் பேசுவாங்க. கத்திக் கூப்புடும்மான்னா இப்போ அவங்களுக்கு வரவே மாட்டேங்குது" என்றாள்.

பிறகு அக்கா வந்தார். எதிரில் ஆள் நிற்பது போல, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார். "கண்ணு, நல்லா கீறியா? நான் பேசறது கேக்குதா?"

கேக்குதுக்கா என்றேன். போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.